இருபத்து மூன்றாம் இலக்கக் காணி

மெல்பேர்ணுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் நான் சிட்னியைப் பார்த்ததில்லை. டண்டினொங்கில் பலகை அறுக்கும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை சந்தை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் மனைவியுடன் தொலைபேசியில் பேச்சு. என் அவுஸ்திரேலியா அவ்வளவுதான். என்னைச் சிட்னிக்குக் கொண்டுபோய்க் காட்டியவர் ஒரு தமிழர் அல்லர். எண்பத்தெட்டு வயதான லத்வியா நாட்டு அம்மையார்.

அவர் பெயர் வெல்டா. அவருடைய வீட்டின் பின்வளவில் ஓர் ஒற்றை அறை உண்டு. அதில்தான் நான் குடியிருக்கிறேன். அகதி முகாமிலிருந்து வெளியே வந்த புதிதில் வாடகைக்கு இடம் தேடி அலைந்தபோது எல்லோரும் வீசாவைப் பற்றிக் கேட்டார்கள். இவர் மட்டும், புல்லை நேராக வெட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சாவியைத் தந்துவிட்டார். இந்த நாட்டில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வராது. மிசிஸ் வெல்டா என்பேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

எங்கள் இருவருக்கும் இடையில் இருப்பது உடைந்த ஆங்கிலம். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன். அது என் ஊர்த் தமிழாக வந்தால் பிழை என்னுடையது.

மாசி மாதத்தில் அவருக்கு லத்வியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, வரிவரியாக வாசித்துச் சொன்னார். அவர் பிறந்த ஊரில் ஒரு பழைய ஜமீன் மாளிகை இருக்கிறது. இப்போது அது பள்ளிக்கூடம். அந்த மாளிகையின் நிலத்தைப் பிரித்து உண்டான வீடுகளின் பெயர்களையும், ஒவ்வொன்றின் முதல் சொந்தக்காரர் பெயரையும் கல்லில் பொறித்துப் பள்ளிச் சுவரில் பதிக்கப் போகிறார்களாம். வெல்டாவின் வீட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதற்கு எதிரே சொந்தக்காரர் பெயர் இல்லை. வெறும் கோடு. சிட்னியில் இருக்கும் ஒரு பெரியவரிடம் மாளிகையின் பழைய காணிப் படம் இருக்கிறது, அதில் உங்கள் தகப்பனாரின் பெயர் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார், மாத முடிவுக்குள் இருவரும் பேசித் தீர்த்து எழுதாவிட்டால் வெறும் கோடாகவே பொறிப்போம் என்று கடிதம் முடிந்தது.

"ஆர்வீட்ஸ்," என்றார் வெல்டா. புளித்த பாலைக் குடித்தவர்போல முகம் சுருங்கியது. "அவன் வேணுமெண்டு செய்யிறான்."

அந்த மனிதரோடு எழுபது வருடத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். பேர்த்தில் இருக்கும் மகன் தொலைபேசியில், அந்த வீடே இப்போது இல்லை, விட்டுவிடுங்கள் அம்மா என்றான். வீடு இல்லாதபடியால்தான் பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வெல்டா தொலைபேசியை வைத்தார். விமானத்தில் ஏறக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. கார் ஓட்டும் அனுமதியை அரசாங்கம் எடுத்துவிட்டது. கார் மட்டும் கொட்டகையில் நின்றது.

"நீர் ஓடும், சிவா," என்றார்.

முதல் நாள் விடியவே புறப்பட்டோம். நான் புட்டும் கட்டைச் சம்பலும் கட்டியிருந்தேன். அவர் றை என்ற தானியத்தில் சுட்ட கறுப்புப் பாணும், சீரகம் போட்ட பாற்கட்டியும் கொண்டுவந்தார். சம்பலை ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. இன்னொரு கரண்டி கேட்டார்.

நகரம் முடிந்து மஞ்சள் வெளி தொடங்கியதும் அவர் ஊர்க் கதை தொடங்கிற்று. ஊரின் பெயரை மூன்று முறை கேட்டு மூன்று விதமாக எழுதினேன். மூன்றும் பிழை என்றார். ஆகவே ஊர் என்றே எழுதுகிறேன்.

அந்த ஊரின் மண் பல நூறு வருடங்கள் ஜேர்மன் பிரபுக்களின் கையில் இருந்தது. பெரிய மாளிகை ஒன்று. அதற்குப் பிள்ளை போல மூன்று மைல் தள்ளி ஒரு சின்னப் பண்ணை. அதில் காரியஸ்தர் குடும்பம். சாராயம் வடிக்க ஒரு கட்டடம், குதிரைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, எல்லாம் கல்லால் கட்டியவை. வேலை செய்த லத்வியச் சனங்களுக்கு மட்டும் மரக் குடில். அவர்கள் ஒரு காலத்தில் மாளிகையின் சொத்து. மாட்டோடும் கலப்பையோடும் அவர்களையும் விற்கலாம். பிறகு ஒரு நாள், நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று சொன்னார்களாம். நிலம் கொடுக்கவில்லை.

"சுதந்திரமாப் பட்டினி கிடக்கலாம் எண்டதுதான் சட்டம்," என்றார் வெல்டா.

முதல் உலகப் போரும், அதன் பிறகு நாட்டுக்காக நடந்த சண்டையும் முடிந்ததும் லத்வியா தனி நாடானது. புதிய அரசாங்கம் முதலில் கைவைத்தது ஜமீன் நிலத்தில். பிரபுவுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மிச்சத்தை அளந்து, இலக்கம் போட்டு, காணி இல்லாதவர்களுக்குக் கொடுத்தது. கிடைத்தவர்கள் முதல் மாரியை நிலத்தில் குழி தோண்டி அதற்குள் இருந்து கழித்தார்கள். பிறகு மாளிகையின் இடிந்த கொட்டில்களிலிருந்து கல்லைக் கழற்றி வண்டியில் ஏற்றிவந்து வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டுக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்தார்கள். அங்கே விலாசம் என்பது அந்தப் பெயர்தான். ஆளையும் வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வெல்டாவின் வீடு லீபாஸ். ஒருவகை மரத்தின் பெயர் அது.

யாழ்ப்பாணத்திலும் ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு, உறுதிப் பத்திரத்தில் அந்தப் பெயரைப் போட்டுத்தான் எழுதுவார்கள் என்றேன். உம்முடைய காணிக்கு என்ன பெயர் என்று கேட்டார். நாவலடி வளவு என்றேன். அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். என் வாயில் அவர் ஊர்ப் பெயர் பட்ட பாட்டை அவர் வாயில் எங்கள் வளவு பட்டது.

அடுத்த போரில் ரஷ்யப் படை வந்தது, ஜேர்மன் படை வந்தது, மறுபடி ரஷ்யப் படை வந்தது. வெல்டா எட்டு வயதில் தகப்பனோடு குதிரை வண்டியில் கடற்கரைக்குப் போய்க் கப்பலேறினார். தாய் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். அதன் பிறகு ஊர் முழுவதும் கூட்டுப் பண்ணையாயிற்று. பெரிய இயந்திரங்கள் ஓடுவதற்கு இடைஞ்சல் என்று வீடுகளைத் தள்ளி விழுத்தி வயலோடு வயலாக உழுதார்கள். வீடு இருந்த இடத்தில் சில மரங்கள் மட்டும் நிற்கின்றனவாம். சோவியத் ஆட்சி கலைந்த பிறகு வெல்டா ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். எந்த மரம் எங்களுடையது என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றார்.

அல்பரிக்குக் கிட்ட வந்ததும் கையை நீட்டிக் காட்டினார். "அந்தப் பக்கம்தான் எங்கட முகாம்." போர் முடிந்து இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்களை முதலில் அங்கேதான் வைத்திருந்தார்களாம்.

என்னுடைய முகாம் ஒரு தீவில் என்றேன்.

"சாப்பாடு?"

"அரை அவியல் சோறு."

"எங்களுக்கு ஆட்டிறைச்சி. மூண்டு நேரமும்," என்று அவர் மூக்கைப் பொத்திக் காட்டினார்.

அந்த முகாமில்தான் பேச்சு அறுந்திருக்கிறது. ஒரு நத்தார் விருந்தில் பையன்களும் பெட்டைகளும் கூடி ஆடிக்கொண்டிருந்தபோது, காரியஸ்தரின் மகனான ஆர்வீட்ஸ் எல்லோர் முன்னிலையிலும், உன் அப்பா செத்தவனின் காணியில் குந்தியிருந்தவர்தானே என்று சொல்லிவிட்டான். கள்ளன் என்றே அவன் சொன்னதாக வெல்டா எடுத்துக்கொண்டார். தகப்பனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று பயம்.

குண்டகாய் தாண்டி ஓர் ஏற்றத்தில் கார் ஆவி விட்டது. முன் மூடியைத் திறந்தால் தண்ணீர்க் குழாயின் வாய் பிளந்திருந்தது. வெயில் முதுகைச் சுட்டது. வெல்டா குடையை விரித்து வைத்துக்கொண்டு, முகாமில் அதிகாரிகள் நிற்பதுபோல நின்றார். ஒரு பெரிய லொறி ஓரமாக வந்து நின்றது. தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் பையன் இறங்கினான். கிழிந்த நுனியை வெட்டி, மறுபடி மாட்டி, இறுக்கி, தன் தண்ணீர்க் கலனையே ஊற்றினான். வெல்டா அவனுக்குப் பாணும் பாற்கட்டியும் கொடுத்து, உன் தகப்பனுக்கு ஊரில் காணி இருக்கிறதா என்று விசாரித்தார். எட்டு ஏக்கர், மூன்று சகோதரர்கள் என்றான். படம் வரைந்து இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்.

"அன்ரி, எங்கட ஆக்கள் படத்தை வச்சும் அடிபடுவினம்," என்று சொல்லிவிட்டு அவன் ஏறிப் போனான்.

இரண்டாம் நாள் சிட்னி. ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்து, போக வேண்டிய இடத்துக்கு நேரெதிரான இடத்தில் வெளிவந்தேன். திரும்ப வழி தேடி, அதே சுரங்கத்துக்குள் இன்னொரு முறை போனேன். இரண்டாம் முறை வெளிவந்தபோது வெல்டா, இந்தக் கட்டடத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பரிமாறியவர் திருச்சிப் பக்கம்.

"அண்ணே, பாட்டிக்குக் காரம் கம்மியா போடச் சொல்லவா?"

"ஓம், குறைச்சுப் போடுங்கோ," என்றேன். கட்டைச் சம்பலை நினைத்துக்கொண்டேன்.

வெல்டா மசாலாத் தோசையைக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டி, உள்ளே உருளைக்கிழங்கைக் கண்டதும் திருப்தியானார். உருளைக்கிழங்கை மரியாதையாக நடத்துகிறீர்கள் என்றார். இந்த அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று பரிமாறியவர் கேட்டார். காணிப் பிரச்சினை ஒன்று என்றேன்.

"இங்க வந்துமா?" என்றார் அவர்.

ஆர்வீட்ஸின் வீடு அங்கிருந்து கிட்ட. தொண்ணூற்றொரு வயது. கழுத்துப் பட்டி கட்டி, கோட்டுப் போட்டு, வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. தங்கள் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். வெல்டா ஆங்கிலத்தில், "நான் அலுவலாய் வந்தனான்," என்றார். அன்று முழுவதும் அவருடன் தன் மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. முன்பின் தெரியாதவரோடு பேசுவதுபோல ஆங்கிலம்தான். அதனால்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று.

முதலில் சூப் வந்தது. ரோஸ் நிறம், ஐஸ் போலக் குளிர். சர்பத்து என்று நினைத்து ஆசையாக ஒரு வாய் குடித்தேன். பீற்றூட்டும் புளித்த மோரும் வெள்ளரிக்காயும். பழகினால் பிடிக்கும் என்று தோன்றியது. பழகுமுன் கோப்பை முடிந்துவிட்டது.

பிறகு அவர் ஒரு தகரக் குழலிலிருந்து படத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான்கு மூலையிலும் நான்கு கோப்பைகளை வைத்து அமர்த்தினார். துணியில் ஒட்டிய தடித்த கடதாசி. மாளிகைக்கு மண்சிவப்பு, ஆற்றுக்கும் குளத்துக்கும் நீலம், காட்டுக்குப் பச்சை. அவற்றின் மேல் பின்னாளில் யாரோ சிவப்பு மையால் கோடு இழுத்து, துண்டு துண்டாகப் பிரித்து இலக்கம் போட்டிருந்தார்கள். நிலம் அளந்த நாட்களில் காரியஸ்தரான தன் தகப்பன்தான் சங்கிலியோடு அதிகாரிகளுக்கு எல்லை காட்டியவர் என்றார் ஆர்வீட்ஸ். மாளிகை ஆள் என்று அவருக்குக் காணி கிடைக்கவில்லை. பிரபுவுக்கு அவர் கூலிக்காரன், கூலிக்காரர்களுக்கு அவர் பிரபுவின் நாய்.

"கல்லில எங்கட அப்பாவின்ர பேரும் வராது," என்றார். "அதுக்கு ஒருத்தரும் சிட்னிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரேல்லை."

வெல்டா விரலால் ஆற்றைத் தொட்டு, வளைவில் நிறுத்தி, இதுதான் லீபாஸ் என்றார். இருபத்து மூன்றாம் இலக்கம். படத்தோடு ஒரு பட்டியல் தைத்திருந்தது. ஆர்வீட்ஸ் பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து வாசித்தார்.

"இருபத்து மூண்டு. அன்னா. கல்னின்ஷ் என்பவரின்ர விதவை. பார். நான் பொய் எழுதேல்லை."

அப்படி ஒரு குடும்பம் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை, இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றார் வெல்டா. பக்கத்துத் துண்டுகளைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு சரி. இருபத்து நாலு சரி. இருவரும் பட்டியல் முழுவதும் மேலும் கீழுமாகத் தகப்பனின் பெயரையே தேடினார்கள்.

எனக்கு மற்றவர்கள் பேச்சில் நுழைந்து பழக்கமில்லை. ஆனால் இந்த விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். உறுதியில் அவள் பெயர் இருக்கும். அங்கே ஒரு வீட்டின் சொந்தக்காரரைத் தேடுபவன் முதலில் கேட்பது வீட்டுக்காரியின் பெயரை.

"மிசிஸ் வெல்டா, உங்கட அம்மான்ர பேர் என்ன?" என்றேன்.

"அன்னா," என்றார். அப்படியே நின்றுவிட்டார்.

ஆர்வீட்ஸ் கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வெல்டாவின் தாய்க்கு முதலில் வேறொரு புருஷன் இருந்தார். நாட்டுக்கான சண்டையில் சுடப்பட்டு இறந்தவர். இருபத்து மூன்று வயது. சண்டையில் போனவர்களின் குடும்பத்துக்குத்தான் முதலில் நிலம் கொடுத்தார்கள். அந்தப் பெண் தனியாகக் குழி தோண்டி, தனியாக உழுது, பல வருடங்களுக்குப் பிறகுதான் வெல்டாவின் தகப்பனைக் கட்டினார்.

"அண்டைக்கு முகாமில நான் சொன்னது அதைத்தான். உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

வெல்டா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹோம்புஷ் புகையிரத நிலையத்தடியில் ஒரு வாங்கில் இருந்தோம். மாணவர்கள் கூட்டமாக இறங்கிப் போனார்கள். நான்கு ரயில் வந்து போயின.

"அப்ப என்ர அப்பா, அம்மா கட்டிமுடிச்ச வீட்டுக்கு வந்தவர்," என்றார் கடைசியில்.

நானும் அப்படித்தான் என்றேன். நாவலடி வளவு மனைவி மலரின் சீதனம். குசினியும் மதிலும் நான் கட்டியவை, உறுதியில் என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. எங்கள் ஊரில் அதை ஆம்பிளைகளுக்குக் குறைவாக யாரும் நினைப்பதில்லை என்றேன்.

"இதை நீர் சொல்லுறீரா, மனிசி சொல்லுறவவா?"

யோசித்துப் பார்த்தேன். மலர் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அதைச் சொன்னேன். அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு சொன்னார், ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு நாள் தகப்பன் யன்னலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாராம். ஊரில், முகாமில், டண்டினொங் வீட்டில், சாகும்வரை. சண்டையில் செத்தவர்களுக்கு அவர்கள் நாட்டில் அந்த நாளில் கொளுத்துவார்கள். எங்கள் வீட்டில் யாரும் படையில் இருக்கவில்லையே, தகப்பன் அம்மாவை நினைத்துத்தான் கொளுத்துகிறார் என்று வெல்டா நினைத்திருந்தார்.

"அம்மா செத்தது மாசியில, சிவா."

கார்த்திகையில் எங்கள் ஆட்களும் சண்டையில் போனவர்களுக்குக் கொளுத்துவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த ரயில் வந்து நின்று போனது.

மூன்றாம் நாள் காலை மறுபடி ஆர்வீட்ஸின் வீட்டுக்குப் போனோம். அவர் அதே கோட்டோடு வாசலில் நின்றார். வெல்டா படியேறியபடி தன் மொழியில் ஏதோ சொன்னார். காலை வணக்கம்தானோ, வேறு ஏதாவதோ. கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் இருந்ததும் இருவரும் அந்த மொழியிலேயே பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் இருந்தது நல்லதாயிருந்தது.

பள்ளிக்கூடம் அனுப்பிய படிவம் மேசையில் இருந்தது. லீபாஸ் என்ற பெயருக்கு நேரே ஒரே ஒரு கோடு, ஒரு பெயர் எழுத மட்டும் இடம். ஆர்வீட்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்காகவோ என்னவோ ஆங்கிலத்துக்கு மாறினார்.

"அன்னா எண்டு எழுதட்டா?"

"முதல் புருஷன்ர முழுப் பேர் என்ன?"

"யானிஸ் கல்னின்ஷ்."

"அதை எழுது."

செத்தவரை எப்படிக் காணிக்காரர் என்று எழுதுவது, பட்டியலில் விதவையின் பெயர்தானே இருக்கிறது என்றார் ஆர்வீட்ஸ். யாருக்காகக் கொடுத்தார்கள் என்று வெல்டா கேட்டார். அந்தக் காணியை உழுதது என் அம்மா, காத்தது என் அப்பா, இரண்டு பேரும் சம்மதிப்பார்கள் என்றார் வெல்டா.

"உன்ர அப்பாவின்ர பேருக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனி," என்றார் ஆர்வீட்ஸ்.

"அப்பாவுக்கு நான் இருக்கிறன். அந்தப் பொடியனுக்கு ஒருத்தரும் இல்லை."

ஆர்வீட்ஸ் எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று நின்று எழுதினார். வெல்டா அவருக்கு நேரம் கொடுத்து, பக்கத்தில் குனிந்து நின்று, மை காயும்வரை கடதாசியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.